இறங்கினவர் இலை

டிசம்பர் 16

அக்கா இன்று மூன்றாவது முறையாகப் போன் செய்தாள். வலது மணிக்கட்டில் சுளுக்காம். எடைக்கல் தூக்க முடியாதாம்.

"நீ வந்தாத்தான் இந்த வருசம் எடை பாக்க முடியும் தர்மா."

"பதினோரு வருசமா நான் இல்லாமத்தானே பாத்திய?"

"அப்ப எனக்குக் கை நல்லாருந்துச்சுல்லா."

ஞானப்பூ அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் ஊர் நாசரேத்தில் அப்பா கட்டிய வீட்டிலேயே இருக்கிறாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி என் தம்பி எபனேசர் இருக்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிடுகிறாள்.

வர முடியாது என்று சொன்னேன். பிறகு டிக்கெட் எடுத்தேன்.

டிசம்பர் 19

பெட்டி கட்டினேன். கல்லூரியில் விடுமுறை எழுதிக் கொடுத்தபோது புதிய முதல்வர், "என்ன சார், அபூர்வமா ஊருக்கு?" என்று கேட்டார். என்னைவிட ஆறு வருடம் இளையவர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். "குடும்ப வழக்கம் ஒன்று இருக்கிறது" என்றேன். என்ன வழக்கம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அப்பா விறகுக்கடை வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்ததும், விறகு நிறுக்கும் பெரிய தராசில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து நிறுப்பார். ஒரு பலகைத் தட்டில் ஆள், மறு தட்டில் எடைக்கல். இளையவன் முதல், மூத்தவர் கடைசி. எடையைச் சமையலறைக் கதவின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். அது முடியும்வரை யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொன்னவர் ஒரு கட்டு விறகு பிளக்க வேண்டும்.

போன வருடத்தைவிட அதிகம் ஏறியவர் அன்று எல்லாப் பாத்திரமும் தேய்க்க வேண்டும். எடை இறங்கியவர் இலைக்கு, மற்ற எல்லோரும் தங்கள் இலையிலிருந்து ஒரு கை எடுத்து வைக்க வேண்டும். அதற்கு 'இறங்கினவர் இலை' என்று பெயர். சின்ன வயதில் தம்பி எபி அந்த இலைக்காகத் தட்டின் சங்கிலியைப் பிடித்து எக்கி உட்காருவான், எடை குறையும் என்று நினைத்து. அப்பா ஒரு விறகுக்குச்சியால் அவன் கைவிரலைத் தட்டுவார். திருட்டுத்தனம் அவனுக்கு அப்போதே உண்டு.

டிசம்பர் 21

நாசரேத். அக்காவின் வலது மணிக்கட்டில் பெரிய கட்டு. வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மெலிஞ்சுட்டியேடா. உனக்குத்தான் இந்த வருசம் இலை" என்றாள்.

எபி மாலையில் மனைவி லில்லியோடு வந்தான். ஐம்பத்தொரு வயதுக்கு முகம் ரொம்பக் கிழடு தட்டிவிட்டது. கிணற்று மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் அவன் கடையில் வெயிலுக்கு என்ன பஞ்சம்! "வந்துட்டியாண்ணே" என்றான். நான் அக்காவிடம், "காபி ஆறிப்போச்சு" என்றேன்.

டிசம்பர் 22

காலையில் தராசைத் துடைத்தேன். பின்பக்கக் கொட்டகையில் அப்பா தொங்கவிட்ட உத்திரத்திலேயே இருக்கிறது. சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். எடைக்கல் பெட்டியில் ஒவ்வொரு கல்லுக்கும் அப்பா மரத்தைக் குடைந்து தனித்தனிக் குழி செய்திருக்கிறார். இருபது கிலோக் கல் மூன்று, பத்து கிலோ ஒன்று, ஐந்து கிலோ ஒன்று, இரண்டு கிலோ இரண்டு, ஒரு கிலோ ஒன்று. எட்டும் இருந்தன. எட்டையும் துடைத்து எட்டுக் குழியிலும் வைத்தேன்.

அக்கா கிறிஸ்துமஸ் பலகாரமான முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்தாள். கட்டு இன்று இடது மணிக்கட்டில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தாள், முந்தானையால் மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 23

முந்திரிக்கொத்து சுடும் நாள். முதல் ஈட்டில் உடைந்ததை நட்சத்திரத்துக்கு என்று எடுத்துவைப்பதும் எங்கள் வீட்டில் மட்டும்தான். அதை நூலில் கட்டி வாசல் நட்சத்திரத்துக்குக் கீழே தொங்கவிடுவோம். நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள் வெறுங்கையோடு வரவில்லை, வழியில் அவர்களுக்கும் பசித்திருக்கும் என்பார் அப்பா. எறும்பு தின்னும்.

லில்லி எண்ணெய்ச் சட்டியருகே. எபி மோடாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அக்கா கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்ததால், தட்டை அவன் பக்கம் நீட்டினேன். பதினோரு வருடத்தில் நான் அவனுக்கு நீட்டிய முதல் பொருள்.

ஒன்றை எடுத்தான். முகர்ந்தான். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"அப்புறமாத் திங்கேண்ணே."

எனக்கு இது போதும். இனி நானாக எதையும் நீட்டமாட்டேன்.

டிசம்பர் 24

கோழி வாங்கினேன். வாழை இலை வாங்கினேன். லில்லி தன் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, அடுப்படியில் ஒரு மூலையில் மூடி வைத்தாள். "யாருக்கு?" என்றேன். "கோழிக்கு அத்தான்" என்றாள். கோழியை அறுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள். இந்த வீட்டுக்கு இது புதிதில்லை. அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போனதை எபி மூன்று மாதம் என்னிடம் மறைத்தான். 2013 பிப்ரவரியில் நான் வந்து சேர்ந்தபோது அப்பாவின் சவப்பெட்டியை மூடப்போகும் நேரம். கல்லறைத் தோட்டத்தில், ஊர் முழுக்க நிற்க, "நீதான்லே என் அப்பாவ என்கிட்ட இருந்து திருடின" என்று சொன்னேன். இன்றும் அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். நான் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு இங்கே இருந்தேன். அப்பாவை என் கையால் நிறுத்தேன். அறுபத்தொன்று, முந்தைய வருடமும் அறுபத்தொன்று. கதவில் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 25

வரிசையாக எழுதுகிறேன்.

ஆராதனைக்கு எபி கோட்டுப் போட்டுக்கொண்டு வரவில்லை. எடை பார்க்கும்போது போட்டிருந்தான். கல்யாணக் கோட்டு. இந்த ஊர் வெயிலில். பொத்தானெல்லாம் மாட்டியிருந்தது. நேற்றுவரை இல்லாத தொப்பை வேறு.

"என்னலே, மாப்பிள்ளைக் கோலம்?" என்றாள் அக்கா.

"பதினோரு வருசம் கழிச்சு அண்ணன் நிறுக்கப் போறான்லா. மரியாதை வேண்டாமா?"

நான் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். இளையவன் முதல் என்பதால் அவன் தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஏறும்போது எங்கோ இரும்பு உரசும் சத்தம். சங்கிலி என்று நினைத்தேன்.

"போன வருசம் அம்பத்தொண்ணு. அதையே வச்சுப் பாருண்ணே, நேரம் மிச்சம்."

இருபது, இருபது, பத்து, ஒன்று. தட்டு இரண்டும் நேராக நின்றன. முள் அசையவில்லை.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்று லில்லி கை தட்டினாள். வேண்டிய அளவைவிட ரொம்ப நேரம் தட்டினாள்.

முள் நேராக நின்றபிறகும், மேலே ஒரு சின்னக் கல்லை வைத்துத் தட்டு சாய்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் முறை. இரண்டு கிலோவுக்காகக் குனிந்தேன். இரண்டு கிலோக் குழிகள் இரண்டும் காலி. ஐந்து கிலோக் குழியும் காலி.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் உத்திரத்தைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சங்கிலியைப் பிடித்து எக்கியவன் இப்போது அண்ணன் முன்னால் கொழுத்துக் காட்ட இரும்பைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஐம்பத்தொரு வயதிலும்.

"கோட்டைக் கழட்டு" என்றேன்.

"வேண்டாம்ணே."

"கழட்டுலே. திருட்டு எடைக்கா இத்தனை வருசம் கழிச்சு என்னைக் கூப்பிட்டிய?"

"தர்மா, விடுடா" என்றாள் அக்கா. "அத்தான், கும்பிடுதேன், விட்டுருங்க" என்றாள் லில்லி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வருடக் கோபத்துக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்திருந்தது. போய்க் கோட்டை நானே பிடித்து இழுத்தேன். பொத்தான்கள் தெறித்தன. உள்ளே வயிற்றைச் சுற்றி ஒரு துண்டு. முடிச்சு அவிழ்ந்தது.

ஐந்து கிலோ முதலில் விழுந்தது. தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது. பிறகு இரண்டு, பிறகு இன்னொரு இரண்டு.

எடைக்கல் இருந்த தட்டு டங்கென்று தரையில் மோதியது. எபி உட்கார்ந்த தட்டு மேலே போயிற்று. இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் படாமல், எனக்கு மேலே தொங்கினான். திறந்த கோட்டுக்குள் ஒன்றுமே இல்லை. சட்டையும் விலா எலும்பும்தான்.

"அப்பா மாதிரி சரியா வரும்னு நெனச்சேன்" என்றான். சிரித்தான். "உன் கண்ணுக்குத் தப்ப முடியுமா?"

பிறகு, "இறக்கி விடுண்ணே, தல சுத்துது" என்றான்.

நான் எதிர்த் தட்டிலிருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்தால்தான் அவன் கீழே வருவான். நாற்பதில் வந்தான். தரையில் கிடந்த ஒரு இரண்டு கிலோவைச் சேர்த்து வைத்ததும் முள் நேராக நின்றது, நாற்பத்திரண்டு.

கதவில் எழுதப் பென்சில் எடுத்தேன். அக்கா வாங்கி எழுதினாள், வலது கையால். கட்டு எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை.

இரைப்பையில் புற்று. ஆகஸ்டிலிருந்து. திருநெல்வேலியில் பார்க்கிறார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் லில்லி சொன்னது.

மதியம் நாலு இலை போட்டோம். வழக்கம் வழக்கம்தான். லில்லி தன் இலையிலிருந்து ஒரு கை சோறு எடுத்து அவன் இலையில் வைத்தாள். அக்கா வைத்தாள். பிறகு என் முறை. ஒரு கை எடுத்தேன். அது எத்தனை நேரம் என் கையிலேயே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஆறிரும்ணே, வையி" என்றான் எபி.

வைத்தேன். மூன்று குவியலிலிருந்தும் ஒவ்வொரு பருக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு தூக்குவாளியில் இருந்த கஞ்சியைக் குடித்தான்.

பாத்திரம் நான் தேய்த்தேன். மற்றவர்களை நிறுக்கவேயில்லை, இருந்தாலும் தேய்த்தேன். இன்றைக்கு யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை.

டிசம்பர் 26

காலையில் எபி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தான். கோட்டைக் கொடுத்தேன், அக்கா பொத்தான் தைத்திருந்தாள்.

"ஏன்லே சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்ப. வந்து, பாவம்னு பாத்துட்டுப் போயிருப்ப. எனக்கு அது வேண்டாம். நீ பழைய மாதிரி வந்து, நிறுத்து, நாலு வார்த்த திட்டிட்டுப் போணும். அதுக்குத்தான் அக்காகிட்ட கையச் சுளுக்கிக்கிடச் சொன்னேன்."

"அப்பா மாதிரின்னியே, என்ன அது?"

கோட்டின் பொத்தானைத் தடவினான். பிறகு சொன்னான். அப்பாவின் கடைசிக் கிறிஸ்துமஸில், ஐந்து கிலோக் கல்லை எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டாராம். எடுத்துக் கொடுத்தது எபி. 'பெரியவன் கருத்தரங்குக்குப் போறான். இப்பத் தெரிஞ்சா போகமாட்டான். அவன் போய்ப் படிக்கட்டும். அப்புறமா நானே சொல்லிக்கிடுதேன்' என்று அப்பா சொன்னாராம். அப்புறம் என்பது வரவில்லை.

"பொய்" என்றேன். "என் கண் முன்னால அது நடந்திருக்க முடியாது."

"சரிண்ணே" என்றான்.

டிசம்பர் 28

மதுரை. பால் திரிந்துபோயிருந்தது. வாசலில் ஒரு வாரப் பேப்பர்.

1989 முதல் எல்லா வருட நாட்குறிப்பும் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. 2012 எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அலமாரியைத் தூசி தட்டினேன். பிற்பகலில் மின் கட்டணம் கட்டப் போனேன்.

டிசம்பர் 30

தூசி இருந்தது. இன்னொரு முறை தட்டினேன்.

ஜனவரி 2

எடுத்துவிட்டேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'25.12.2012. அப்பா 61. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐந்து கிலோ கல் குழியில் இல்லை. சற்று முன்தான் அக்காவுக்கு வைத்தேன். அப்பா மடியைப் பிடித்தபடியே தட்டிலிருந்து இறங்கினார். கேட்கலாம் என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கட்டுரையை இன்னொரு முறை படித்துச் சரிபார்க்க வேண்டும்.'

கையெழுத்து என்னுடையது.

பால்காரனிடம் இனி ஒரு மாதத்துக்குப் பால் வேண்டாம் என்று சொன்னேன். கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தம்பி' என்று மட்டும் எழுதினேன்.

ஜனவரி 5

நாசரேத். எபிக்குச் சவரம் செய்தேன். கன்னம் உள்ளே போய்விட்டதால் பிளேடு சரியாகப் போகவில்லை. நாக்கை உள்ளிருந்து தள்ளிக் கொடுத்தான்.

"நல்லா வழிண்ணே. உனக்கு முதல்வர் வேலை போனா என்ன, இந்த வேலை இருக்கு" என்றான். திட்டினேன். சந்தோஷப்பட்டான்.

ஜனவரி 11

நாட்குறிப்பை வாசித்துக் காட்டினேன். மாலை நாலு மணி. லில்லி மருந்து வாங்கப் போயிருந்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"தெரியும்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ குழியப் பாத்தத நான் பாத்தேன். அப்புறம் அப்பா மடியப் பாத்த. அப்புறம் வாட்சைப் பாத்த."

"தெரிஞ்சுமா பதினோரு வருசம் வாய மூடிட்டிருந்த? கல்லறைத் தோட்டத்துல அத்தன பேரு முன்னால கேட்டேனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ யாரையாவது திட்டணும்லா" என்றான் எபி. "அக்காவத் திட்டினா அவ அழுவா. உன்னையே திட்டிக்கிட்டா நீ தாங்கமாட்ட. நான்னா பரவால்ல. எனக்குச் சின்ன வயசுலயே பழக்கம்."

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்தேன்.

ஜனவரி 19

கஞ்சியும் இறங்கவில்லை.

ஜனவரி 27

படுக்கையை மாற்ற எபியைத் தூக்கினேன். லில்லி கை கொடுக்க வந்தாள். வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவுண்ணே?" என்று காதருகில் கேட்டான்.

"அம்பத்தொண்ணு" என்றேன்.

"திருட்டு எடை" என்றான்.

பிப்ரவரி 6

காலை ஆறே காலுக்கு. நான் கூட இருந்தேன்.

பிப்ரவரி 7

அடக்கம். பெட்டியின் தலைமாட்டை நான் பிடித்தேன். ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து ஏதேதோ சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில், பதினோரு வருடத்துக்கு முன் நான் நின்ற அதே வேப்பமரத்தடியில், அன்று நான் சொன்னது பொய் என்று சொல்ல நினைத்தேன். கேட்க வேண்டியவன் பெட்டிக்குள் இருந்தான். இருந்தும் சொன்னேன். சத்தம் அவ்வளவாக வரவில்லை. பக்கத்தில் நின்ற நாலைந்து பேருக்குக் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 9

சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனேன். 2012-க்கு நேராக 'அப்பா 61' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 56 என்று எழுதினேன். அந்த மதியம் நாங்கள் நாலு பேரும் அப்பாவின் இலையில் ஆளுக்கு ஒரு கை வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ரயிலில் உட்கார்ந்து கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னடா கிறுக்குதே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. ஒரு தப்பு இருந்துச்சு."

வந்து பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் விரலால் தடவிப் பார்த்தாள்.

மதியம் மூன்று இலை. ரசமும் அப்பளமும். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கை தானாகவே ஒரு கை சோற்றை எடுத்து வலப்பக்கம் போயிற்று. அங்கே வெறும் தரை. அப்படியே நின்றது.

லில்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா தன் இலையை என் கைக்குக் கீழே நகர்த்தினாள்.

"நிறுக்காமலா?" என்றேன்.

"வையிடா" என்றாள்.